எந்த வாய்க்கால் அடைபடும் என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகர எல்லை விரிவாக்கம் பற்றிய செய்தி எப்போது வந்தாலும் எத்தனை வீடுகள், எத்தனை கிலோமீட்டர் சாலை என்ற கணக்கு கூடவே வந்துவிடுகிறது. எந்தக் காடு துண்டாகும், எந்த ஏரிக்கு நீர்வரத்து நிற்கும் என்பது மட்டும் வருவதே இல்லை. கணக்குப் போட வழியில்லையா என்றால், 1990களிலிருந்தே இருக்கிறது.

ஸ்லூத் (SLEUTH) என்று, நகரம் எப்படி வளரும் என்பதைக் கணிக்கும் ஒரு கணினி மாதிரி (model) இருக்கிறது. கீத் கிளார்க் என்ற புவியியலாளரும் அவருடைய குழுவினரும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்காக முதலில் ஓட்டிப் பார்த்தது. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சரிவு, சாலை, இப்போதுள்ள கட்டடங்கள், கட்டக்கூடாத இடங்கள் எல்லாவற்றையும் கொடுத்தால், ஊர் இதுவரை வளர்ந்த விதத்தோடு ஒத்துப்போகும்படி தன்னைத் திருத்திக்கொண்டு, இனி எந்தக் கட்டம் எந்த வருடம் கட்டடமாகக்கூடும் என்று காட்டும். காட்டின் நடுவே ஒரு சாலைக்கோடு போட்டு ஓட்டினால், கட்டடங்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே பரவும். அழிந்த பரப்பு கொஞ்சம்தான் என்று அட்டவணை சொல்லும். ஆனால் இந்தப் பக்கத்து விலங்கு அந்தப் பக்கத்துத் தண்ணீருக்குப் போக முடியாது, அந்த இழப்பு அட்டவணையில் ஏறாது. அதனால் பரப்போடு வழித்தடத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வில்லமெட் ஆற்றுப்படுகைக்கு இப்படிப்பட்ட எதிர்காலக் கணக்கை, ஸ்லூத்தைக் கொண்டு அல்லாமல் வேறு மாதிரிகளைக் கொண்டு, போட்டுப் பார்த்தார்கள். 2050இல் மக்கள்தொகை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டு, அதே மக்கள்தொகைக்கு மூன்று கொள்கைகள்: இப்போதைய திட்டம் தொடர்வது, கட்டுப்பாட்டைத் தளர்த்துவது, இயற்கையைக் காப்பது. காக்கும் வழியில் போனால், ஐரோப்பிய வம்சாவளியினரின் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து இழந்த இயற்கை வளத்தில் 20 முதல் 70 சதவீதம் வரை பெரும்பாலான அளவீடுகளில் மீளும் என்று வந்தது. அத்தனை பேருக்கும் இடம் கொடுத்த பிறகும்!

கணினி மாதிரி சொல்வது ஜோசியம் இல்லை, சரி. கொடுத்த தரவு தப்பானால் விடையும் தப்பாகும். அப்புறம், ஓரிடத்தில் தடை போட்டால் கட்டடம் எல்லையைத் தாண்டி அடுத்த ஊர் வயலில் முளைக்கும், அதனால் நகர எல்லையோடு கணக்கை நிறுத்தவும் கூடாது. ஆனாலும் இரண்டு கொள்கைகளை ஒரே தரவில் ஓட்டி, வித்தியாசத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த வரைபடங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பே மக்கள் கைக்கு வர வேண்டும். அடுத்த விரிவாக்க அறிவிப்பை வெளியிடும்போது, அவை எங்கே என்று உங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன்.