தலைக்குள் வைத்ததை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தாருங்கள்

தமிழ்நாட்டின் மூளை, நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் அம்மா டிரைஜெமினல் நியூரால்ஜியா என்னும் முகநரம்பு வலியால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டார். மின்விசிறிக் காற்று பட்டாலே துடித்துப்போவார் என்பதால் முந்தானையால் வலக்கன்னத்தை மூடியபடியே இருப்பார். மென்று உண்ண அஞ்சிப் பல நாள் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார். மாத்திரைகள் கைகொடுக்காமல் போனபின், காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, நரம்பை அழுத்திய இரத்தக்குழாயை விலக்கி வைத்தார்கள். கண்விழித்த அன்றே வலி இல்லை. அந்த நன்றி எங்களுக்கு இன்றும் உண்டு.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே கன்னத்தில் வலி திரும்பியது. எம்.ஆர்.ஐ. படத்தில் நரம்பையொட்டி ஒரு முடிச்சு தெரிய, கட்டியாக இருக்கலாம் என்று அறிக்கை வந்தது. மஞ்சள் பையில் பத்திரப்படுத்தியிருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில், அறுவை நடந்ததும் அவர் நலமாக வீடு திரும்பியதும் மட்டுமே இருந்தன. மூன்று வாரம் புற்றுநோய் என்றே எண்ணி வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. பிறகு பார்த்த மருத்துவர் பழைய அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கச் சொன்னார். நரம்புக்கும் குழாய்க்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டெஃப்லான் எளிதில் எதனோடும் வினைபுரியாத பொருள்தான். ஆயினும் சிலருடைய உடல் அதை அயற்பொருளாகவே கண்டு, நாள்பட்ட அழற்சியால் சுற்றிலும் திசுவைத் திரட்டிவிடுகிறது. கிரானுலோமா எனப்படும் அந்தத் திசுமுடிச்சு நரம்பை அழுத்தினால் பழைய வலி மீள்கிறது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அது கட்டியைப் போலவே ஒளிரக்கூடும், அது கிரானுலோமாதான் என்பதற்கு சி.டி.யில் தெரியும் சுண்ணாம்புப் படிவு நல்ல துப்பு. ஆனால் உள்ளே பஞ்சு இருப்பதையே அறியாமல் படத்தைப் பார்ப்பவர் அந்தத் துப்பைத் தேட என்ன காரணம் இருக்கிறது?

ஆகவே, உள்ளே வைக்கும் பொருளின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரும்படியும், ஒப்புதல் கையெழுத்து வாங்கும் முன்னரே இந்தப் பின்விளைவைத் தமிழில் விளக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்யவே 2015 முதல் இந்திய அரசின் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இயங்குகிறது. இத்தகைய நேர்வுகளை அங்கே தெரிவியுங்கள்.

அம்மாவுக்கு மறுபடி அறுவை செய்து முடிச்சை அகற்றினார்கள். வலி அடங்கிவிட்டது, கன்னத்தில் பாதி மரத்தே இருக்கிறது. இம்முறை நாங்கள் கேட்டதும், உள்ளே எஞ்சியிருப்பது என்ன என்பதை மருத்துவர் சம்மரியின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு வரி.

இங்ஙனம்,
ஒரு நோயாளியின் மகள்