தொட்டியில் ஒரு பட்டாம்பூச்சிச் செடி

அன்பு மாப்பிள்ளை,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல்.

இங்கே லண்டனில் என் செய்தி என்றால், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் பட்லியா என்கிற பட்டாம்பூச்சிச் செடி பூத்துவிட்டது. தினமும் ரயிலில் போகும்போது தண்டவாள ஓரம், பழைய செங்கல் சுவர், புகைபோக்கி என்று கண்ட இடத்திலெல்லாம் ஊதாக் கதிர் கதிராகத் தொங்குமே, அந்தச் செடிதான். சொந்த ஊர் சீனா. விதை தூசி மாதிரி இருக்கும், காற்றில் பறந்து போய்ச் சுவரின் காரை இடுக்கில்கூட முளைத்துவிடும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் இதைக் களைப் பட்டியலில் சேர்த்து, விதை அநேகமாகப் பிடிக்காத ரகங்களை மட்டும் விற்க விடுகிறது. சும்மா விட்டால் பத்தடி வளரும், என் இடம் அதற்குத் தாங்காது.

அதனால் 'புளூ சிப்' என்ற குட்டை ரகம் வாங்கினேன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் வெர்னர் உருவாக்கியது, இடுப்புக்கு மேல் வராது, விதையும் மிகக் குறைவு. முதல் வருஷம் வேலி நிழலில் வைத்து, பாசத்தில் உரத்தையும் அள்ளிப் போட்டேன். இலைதான் கொழுத்தது, பூ நாலே நாலு. அப்புறம் அடியில் ஓட்டை உள்ள பெரிய தொட்டிக்கு மாற்றி, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் வைத்தேன். மார்ச்சில் ஒரு சாண் விட்டு மொத்தமாக வெட்டினேன். வெட்டும்போது கை நடுங்கியது, ஆனால் இது அந்த வருஷம் விடுகிற புதுக் கிளையில்தான் பூக்கும். ஜூலையில் ஆரம்பித்தது, வாடிய கதிரைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் இன்னொன்று வந்துகொண்டே இருக்கிறது.

போன ஞாயிறு மதியம் பீகாக் என்கிற பட்டாம்பூச்சி நாலு, ரெட் அட்மிரல் என்கிற இன்னொரு வகை ஒன்று, ஐந்தும் ஒரே செடியில். கிட்டப் போனால் தேன் வாசனை. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

ஆனால் ஒன்று, மாப்பிள்ளை. இந்தச் செடி அதுகளுக்கு விருந்துச் சாப்பாடு மட்டும்தான். இந்த இரண்டு வகையின் புழுக்களும் இதன் இலையைத் தின்னாது, அவை வளர்வது நெட்டில் என்கிற செடியில், நம்ம ஊர் செந்தட்டி போலத் தொட்டால் சுரீரென்று அரிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பிடுங்கிவிடு என்கிறார், நான் கொட்டகைக்குப் பின்னால் ஒரு திட்டு விட்டுவைத்திருக்கிறேன். பூ மட்டும் வைத்துவிட்டுப் புழுவை விரட்டினால் அடுத்த வருஷம் பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும்?

அப்போதுதான் உங்கள் வீட்டுக் கிணற்றடிக் கறிவேப்பிலை ஞாபகம் வந்தது. பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் குட்டிப் புழுக்களைக் குச்சியால் தட்டித் தட்டி மண்ணில் போட்டோமே, அதெல்லாம் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள் என்று இப்போதுதான் தெரிகிறது. மனசு சங்கடப்படுகிறது. அந்த மரம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அம்மாவிடம் சொல்லி, சமையலுக்குப் பறிக்காமல் ஒரு கிளையை மட்டும் விட்டுவைக்கச் சொல், மருந்தும் அடிக்க வேண்டாம். எதாவது வந்தால் உடனே போட்டோ அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்