கறுத்த குட்டி கலப்புக் குட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் நாய்க்குட்டி வாங்குவோருக்கான யோசனைகள் வெளியாகியிருந்தன. முதுகு கறுப்பாகவும் கால்கள் பழுப்பாகவும் இருந்தால்தான் அது அசல் ஜெர்மன் ஷெப்பர்டு என்றும், முழுக்கறுப்பும் வெள்ளையும் கலப்பினத்தின் அடையாளம் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. நம் ஊரில் பலர் இன்னும் அல்சேஷன் என்றே அழைக்கும் இந்த இனத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் வளர்ப்பவன் நான். பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவனும்கூட. அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதே நம்பிக்கையால் எங்கள் வீட்டுக் குட்டி ஒன்று பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெட்டை ஏழு குட்டிகள் போட்டது. தாய், தந்தை இரண்டும் கறுப்பு-பழுப்பு. இரண்டுக்கும் பதிவுச் சான்று உண்டு. இந்த நிறத்துக் குட்டிகள் பிறந்த அன்று ஏறக்குறைய கரிக்கட்டை போலத்தான் இருக்கும். பாதங்களிலும் வாலுக்கு அடியிலும் மட்டும் மங்கலான பழுப்பு தெரியும். அதனால் முதல் இரண்டு வாரம் எங்களுக்கு வித்தியாசம் எதுவும் படவில்லை. மூன்றாவது வாரத்தில் ஆறு குட்டிகளுக்குக் கன்னமும் கால்களும் வெளுக்கத் தொடங்கின. ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தால் அங்கும் கறுப்பு, தொடையின் உட்புறம் கறுப்பு, விரல்களுக்கு இடையிலும் கறுப்பு. ஏதோ தெருநாய் சுவரேறி வந்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். தந்தை நாயின் உரிமையாளரோ ஆறு குட்டிகளுக்கான பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏழாவதற்கு மறுத்துவிட்டார். ஒரே ஈற்றில் இரண்டு தந்தைகளின் குட்டிகள் பிறப்பது நாய்களில் நடக்கக்கூடியதே என்பதால், அவருடைய சந்தேகம் அடியோடு அபத்தமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு அவர் காட்டிய ஆதாரம் நிறம் ஒன்றுதான், அங்கேதான் பிழை.

பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்தவர்கள் அனைவரும் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். நாயின் உரோமத்தில் இரண்டே நிறமிகள்: கறுப்பைத் தரும் யூமெலனின், செம்மையையும் மஞ்சளையும் தரும் ஃபியோமெலனின். உடலில் எந்த இடத்தில் எது உருவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முக்கியமானது அகூட்டி என்னும் மரபணு. ஷெப்பர்டு இனத்தில் அதற்குப் பொதுவாக மூன்று வடிவங்கள் காணப்படுகின்றன. ஓநாயைப் போன்ற சாம்பல் நிறத்தைத் தரும் வடிவம் மற்ற இரண்டையும் அடக்கி ஓங்கி நிற்கும். அதற்கு அடுத்தது கறுப்பு-பழுப்பு. எல்லாவற்றுக்கும் ஒடுங்கிக் கிடப்பது முழுக்கறுப்பு; தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என அதன் இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் அது வெளியே தெரியும். ஆகவே பார்வைக்குக் கறுப்பு-பழுப்பாக இருக்கும் தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு கறுப்புப் பிரதியை வெளியே தெரியாமல் சுமந்துகொண்டிருந்தால், அவற்றுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் முழுக்கறுப்பாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஏழில் ஒன்று கறுப்பு என்பதில் வியப்பு ஏதுமில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நாய்களில் கறுப்பு ஒரே வகையல்ல. லாப்ரடாரின் கறுப்பு வேறொரு மரபணுவிலிருந்து வருகிறது. அது ஓங்குபண்பு என்பதால் பெற்றோரில் ஒன்றின் வழியாக வந்தாலே போதும். எங்கள் குட்டியின் கன்னத்தின் உட்புறம் பஞ்சை உருட்டி எடுத்து, தாயின் மாதிரியோடும், தந்தை நாயின் உரிமையாளரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துப் பெற்ற அதன் மாதிரியோடும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். குட்டியிடம் இருந்தது ஷெப்பர்டுக்கு உரிய ஒடுங்கிய கறுப்பின் இரண்டு பிரதிகள்; லாப்ரடார் வகைக் கறுப்பு அதனிடம் இல்லை. தந்தைவழிச் சோதனையும் அதே தந்தை நாயைத்தான் காட்டியது. அதற்குப் பிறகுதான் ஏழாவது கையெழுத்து விழுந்தது.

வெள்ளை நிறத்தின் கதை இன்னும் பழையது. மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899இல் ஜெர்மனியில் இந்த இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கியபோது, பதிவேட்டின் முதல் எண்ணைப் பெற்ற நாய் ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத். அதன் தாய்வழிப் பாட்டன் கிரைஃப் ஒரு வெள்ளை நாய். ஹோராண்டும் கறுப்பு முதுகு, பழுப்புக் கால் கொண்டதல்ல. ஓநாய்ச் சாம்பல் நிறம். தங்கள் இதழின் இலக்கணப்படி பார்த்தால், இந்த இனத்தின் முதல் நாயே அசல் அல்ல என்றாகிவிடும்! வெள்ளைக்குக் காரணமான எம்.சி.1.ஆர் மரபணுவின் வடிவமும் ஒடுங்குபண்புதான். கறுப்பு நிறமி உரோமத்துக்குள் போகாமல் அது தடுத்துவிடுகிறது. மீதமுள்ள மஞ்சளும் வெளிறிப் போக, நாய் வெள்ளையாகத் தெரிகிறது. மூக்கும் கண்ணும் கறுத்தே இருப்பதால் அது வெளிறல் நோய் அன்று. நம் இராஜபாளையத்தின் வெள்ளையோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அங்கே மூக்கும் இளஞ்சிவப்பாக இருக்கும், சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பதும் உண்டு.

வெள்ளை ஷெப்பர்டைப் போட்டிக் களத்தில் நடுவர் வெளியேற்றுவார் என்பது உண்மைதான். ஏனென்றால் அந்த இனத்துக்கான தரவிதி வெள்ளையை ஏற்பதில்லை. முழுக்கறுப்பையும் சாம்பலையும் அதே விதி ஏற்கிறது என்பதைத் தங்கள் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிவிட்டார். தரவிதிக்குப் பொருந்துவது வேறு, தூய பிறப்பு வேறு. ஒரு சங்கம் வெள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த நாளில் வெள்ளைக் குட்டிகளின் பாட்டன் பாட்டிகள் மாறிவிடவில்லை. வெளியேற்றப்பட்ட அதே வெள்ளை நாய்களின் வழியில் வந்தவற்றைச் சர்வதேச நாய்கள் கூட்டமைப்பு 2003இல் தற்காலிகமாகவும் 2011இல் முழுமையாகவும் வெள்ளை சுவிஸ் ஷெப்பர்டு என்ற தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

நிறத்தை நம்பி ஏமாறுவது மறுபக்கமும் நடக்கிறது. டாபர்மேனும் ராட்வைலரும் அதே கறுப்பு-பழுப்பு வடிவத்தைச் சுமப்பவை. நம் கன்னி நாயின் நிறமும் அதுவே. இவற்றில் ஒன்றோடு கலந்த ஷெப்பர்டு குட்டியை எட்டு வாரத்தில், காது இன்னும் நிமிராத பருவத்தில் காட்டினால், தங்கள் குறிப்பைக் கையில் வைத்திருப்பவர் அதை அசல் என்றே வாங்கிவருவார். விற்பவர்கள் இதோடு "டபுள் போன்", "டபுள் கோட்" என்று வேறு விலையைக் கூட்டுவார்கள். அடிமயிர் உள்ள இரட்டை மயிர்ப்போர்வை எல்லா ஷெப்பர்டுக்கும் பொதுவானது. "டபுள் போன்" என்பதற்கு என்ன பொருள் என்று நானும் பல வியாபாரிகளிடம் கேட்டுவிட்டேன். பதிலாக வந்தது ஒரு சிரிப்புதான்.

நிறத்தால் ஒன்றுமே தெரியாது என்று நான் வாதிடவில்லை. பெற்றோரின் நிறத்தோடு வைத்துப் பார்த்தால் அது நல்ல சாட்சி. கறுப்பு-பழுப்பான இரண்டு நாய்களுக்கு ஓநாய்ச் சாம்பல் குட்டி பிறந்தால் தந்தை யார் என்று கேட்பது நியாயம். முழுக்கறுப்பான இரண்டு ஷெப்பர்டுகளுக்குக் கறுப்பு-பழுப்புக் குட்டி பிறந்தாலும், இரண்டு வெள்ளைகளுக்கு நிறமுள்ள குட்டி பிறந்தாலும் அதே கேள்விதான். நீலச் சாம்பலில் கறுப்புத் திட்டுகள் சிதறிக் கிடக்கும் மெர்ல் நிறம் இந்த இனத்துக்கு உரியதல்ல என்பதால், அது தென்பட்டாலும் சந்தேகப்படலாம். ஆனால் இங்கும் அவசரம் ஆகாது. 2000இல் அமெரிக்காவில் முகத்திலும் கால்களிலும் வெள்ளைத் திட்டுகளோடு ஒரு ஷெப்பர்டு குட்டி பிறந்தபோது எல்லோரும் கலப்பு என்றுதான் நினைத்தார்கள். டி.என்.ஏ. சோதனை அதன் பெற்றோர் பதிவில் உள்ள ஷெப்பர்டுகளே என்று உறுதிசெய்தது. கிட் என்னும் மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமே அந்த வெள்ளைக்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

ஆகவே, அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குட்டி வாங்கச் செல்பவர் முதலில் தாயைப் பார்க்க வேண்டும். முடிந்தால் தந்தையையும் பார்க்க வேண்டும். நாய்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழைக் காட்டினால், அதில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் தோலுக்கு அடியில் உள்ள சிப்பைக் கருவி வைத்துப் படிக்கும்போது வரும் எண்ணும் ஒன்றுதானா என்று கால்நடை மருத்துவர் முன்னிலையில் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேலும் ஐயம் இருந்தால் பெற்றோர் சோதனை இருக்கிறது. முழுக்கறுப்புக் குட்டி கலப்பினம் என்ற வரியை மட்டுமாவது குறிப்பிட்டுத் திரும்பப் பெறுங்கள்; அந்த இணைப்பைக் கத்தரித்துப் பத்திரப்படுத்திக்கொண்டு குட்டி பார்க்கக் கிளம்பிய இருவரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பொள்ளாச்சி