அப்பா மறுபடி சட்டை போட்டார்

மதுரையில் குழந்தைகள் வார்டு சிஸ்டருக்கும், மானாமதுரைப் பக்கம் எங்கள் தெருவுக்கு வண்டியில் வரும் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) சிஸ்டருக்கும், வியாழக்கிழமை ஊசி போடும் ஆரம்ப சுகாதார நிலைய சிஸ்டருக்கும், இன்னும் சிலருக்கும் வணக்கம்.

பேரைப் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. செய்ததை எழுதுகிறேன், அதில் உங்களுக்கே உங்களைத் தெரியும்.

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் ரெண்டு பேருக்கு வலி. மகளுக்கு எட்டு வயது, குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதம். அப்பாவுக்கு 71 வயது, அக்கி வந்து ஆறிய இடத்தில் ஓயாத எரிச்சல். மூன்று மாதம் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவத்தில் தனியாக வைத்துப் பார்ப்பார்களாம். நாங்கள் அதற்குள் மாதக் கணக்கையே விட்டிருந்தோம்.

மகளுக்குக் காலையில் முட்டி மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, மத்தியானம் பாண்டி ஆடுவாள். இந்த நோயின் குணமே அதுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. காலையில் நொண்டுகிற பிள்ளை மத்தியானம் ஆடினால் யார் நம்புவார்கள்? பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்றார்கள். நானும் திட்டியிருக்கிறேன், ஒரு தடவை கையும் ஓங்கியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வார்டு சிஸ்டர், முதல் நாள் நீங்கள் ஆறு முகம் வரைந்த அட்டையை அவளிடம் நீட்டினீர்கள். சிரிக்கிற முகத்துக்கு 0, கண்ணீர் விடுகிற முகத்துக்கு 10, நடுவில் இரண்டு இரண்டாக ஏறும். அவள் சட்டென்று சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். எனக்கு மானமே போய்விட்டது, இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று. நீங்கள் எதுவும் எழுதவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வா" என்றீர்கள். கட்டிலிலிருந்து அவள் முட்டியை மடக்காமல் கம்பியைப் பிடித்துச் சறுக்கிச் சறுக்கி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். திரும்பி வந்ததும் மெதுவாகக் கேட்டீர்கள்: "அழுற மூஞ்சியத் தொட்டா என்ன ஆகும்?"

"ஊசி போடுவீங்க."

அப்போது நீங்கள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு ஞாபகம். "ஊசி வேற, இது வேற. இது உன் முட்டி எங்கிட்ட பேசுறதுக்கு" என்று அட்டையைத் திரும்பக் கொடுத்தீர்கள். விரல் ஐந்தாவது முகத்துக்குப் போனது. 8.

இந்த முகங்களை அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் 1983 வாக்கில் உருவாக்கிய இருவரில் ஒருவர் செவிலியர், டோனா வாங். கோனி பேக்கரோடு சேர்ந்து, வெறும் வட்டங்களைக் குழந்தைகளிடம் கொடுத்து அவர்களையே முகம் வரையச் சொன்னாராம். நீங்கள் சொல்லித்தான் தெரியும். கூடவே இன்னொன்றும் சொன்னீர்கள்: வலி என்பது அதை அனுபவிக்கிறவர் சொல்வதுதான் என்று மார்கோ மெக்காஃபெரி என்ற செவிலியர் 1968-லேயே எழுதிவிட்டார், எங்கள் படிப்பில் அது வரும் என்று. பிள்ளை சொல்லத் தயங்கினால் அது இறங்குகிற விதத்தைப் பார்க்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தீர்களோ.

விடியற்காலை ஐந்து மணிக்கு வெந்நீர் பிடித்துத் தந்த வார்டு ஆயாவுக்கும் இங்கேயே நன்றி. எழுந்திருக்கும் முன்னாலேயே முட்டியில் வெந்நீர் ஒத்தடம், படுத்தபடியே சைக்கிள் மிதிப்பது, அப்புறம்தான் தரையில் கால் வைப்பது. இன்று வரை வீட்டில் அந்த வரிசை மாறவில்லை. நல்லா இருக்கிற நாளில் முழுசாக ஓடித் தீர்த்துவிட்டு அடுத்த ரெண்டு நாள் படுக்கிற பழக்கத்தையும் நீங்கள்தான் நிறுத்தினீர்கள். நல்ல நாளிலும் அரை மணி ஆட்டம், கொஞ்சம் உட்கார்தல். கெட்ட நாளிலும் கொஞ்சமாவது நடை. பள்ளிக்கூடத்துக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள்: தரையில் வேண்டாம், பெஞ்சில் உட்காரட்டும், நடு நடுவே எழுந்து நடக்க விடுங்கள். நான் ஆறு மாதம் போய்ப் பேசி நடக்காதது அந்த அரைப் பக்கத்தில் நடந்தது. அத்தனை கட்டிலையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு அதை எப்போது எழுதினீர்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இன்னும் ரெண்டு சிஸ்டர்களை அந்த வார்டுக்குப் போட வேண்டும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

வியாழக்கிழமை சிஸ்டர், மகளின் மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மஞ்சள் மருந்து. வாரத்துக்கு ஒரே ஒரு தடவை, தப்பித் தவறி தினமும் போய்விட்டால் ஆபத்து என்று எங்கள் தினசரிக் காலண்டரில் வியாழன்களை எல்லாம் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தீர்கள். நாலாவது வாரம் மகளுக்கு மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே குமட்டல் வந்துவிட்டது. எலுமிச்சைச் சோறு கூட ஆகவில்லை. நான் அடம் என்று நினைத்தேன். நீங்கள் மருந்தைத் திரைக்கு அந்தப் பக்கம் எடுத்து, ஊசிக்குழாயை வெள்ளைத்தாளால் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். அவளைப் படுக்க வைத்து அமுக்கவில்லை, என் மடியில் உட்கார வைத்தீர்கள், கையில் சோப்புக் குமிழி ஊதுகிற டப்பா. நான் வலிக்காது கண்ணு என்று ஆரம்பித்ததும், "பொய் சொல்லாதீங்கம்மா, அடுத்த வாரம் நம்ப மாட்டா" என்று என்னை அடக்கிவிட்டு, "சுருக்குனு இருக்கும், அஞ்சு குமிழி ஊதுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றீர்கள். அஞ்சு ஆகவில்லை, மூன்றுதான் ஆனது. அதிலும் அவளுக்குக் கணக்கு சரியாக இல்லையாம், மீதி ரெண்டையும் ஊதிவிட்டுத்தான் இறங்கினாள்.

இனி அப்பா. எங்கள் ஊர் மண்பாண்டத்துக்குப் பேர்போனது, அதனால் அக்கி என்றால் முதலில் போவது குயவர் வீட்டுக்குத்தான். காவி குழைத்து எழுதினார்கள். கொப்புளம் உதிர்ந்தது, எரிச்சல் போகவில்லை. மறுபடி போனபோது அந்தப் பெரியவரே, "இனிமே இது எங்கையில இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் நன்றி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கு.

அப்பா போகவில்லை. மார்பிலிருந்து முதுகு வரை வலது பக்கம் துணி பட்டால் நெருப்பு. சட்டையை விட்டார், துண்டை விட்டார், அப்புறம் வெளியே போவதையே விட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் அக்கா அவர் சட்டையில்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பதை மூன்று மாதமாகப் பார்த்துவிட்டுத்தான், பாலியேட்டிவ் சிஸ்டர், உங்களிடம் சொன்னார்.

நீங்கள் காவியைக் கிண்டல் செய்யவில்லை. "குளுகுளுன்னு இருந்திருக்குமேய்யா" என்றுதான் தொடங்கினீர்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமிதான் நரம்பில் தூங்கிக் கிடந்து அக்கியாக எழும்புகிறது, புண் ஆறினாலும் நரம்பு ஆற நாளாகும் என்றீர்கள். கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அதற்கு மாத்திரை உண்டு என்பதை அக்கம்பக்கத்துக்காகச் சொன்னீர்கள், எங்களைக் குற்றம் சொல்ல அல்ல. எவ்வளவு வலி என்று ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். அதற்கடுத்த கேள்விதான் அப்பாவைப் பேச வைத்தது: "இதால எதை எதையெல்லாம் விட்டீங்க?"

டாக்டர் ராத்திரிக்கு எழுதிய அமிட்ரிப்டிலினைச் சொந்தக்காரர் ஒருவர் போனில் தேடிவிட்டு, இது மனநோய்க்கு உள்ளது என்று சொல்ல, அப்பா நிறுத்திவிட்டார். நீங்கள் வந்து உட்கார்ந்து, குறைந்த அளவில் இது நரம்பு வலிக்கும் கொடுக்கிற மருந்துதான், கேட்க ரெண்டு மூன்று வாரம் ஆகும், வாய் உலரும், ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நிற்க வேண்டும், ஒன்றுக்குப் போகச் சிரமமானால் உடனே சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். ஒரு நோட்டும் கொடுத்தீர்கள். அரிசி மில்லில் கணக்கு எழுதியவர் அல்லவா, முதல் பக்கத்திலேயே "முன்பாக்கி 8, இன்று வரவு 7" என்று எழுதிவைத்தார். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். பல மாதத்துக்குப் பிறகு அப்பாவும் சிரித்தார்.

துணி விஷயம் உங்கள் யோசனைதான். லேசாக உரசினால்தான் எரியும், ஒட்டிப் பிடித்தால் அவ்வளவு இல்லை என்று சொல்லி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன் ஒன்றை, தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட வைத்தீர்கள். முதல் நாள் அஞ்சு நிமிஷம். அப்புறம் பத்து. நோட்டில் எண் இன்றைக்கும் 4-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் தையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அப்பா பனியனுக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பொத்தான் ரெண்டைத் திறந்துவிட்டு, பந்தி முடியும் வரை இருந்தார்.

எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். அதே குயவர் வீட்டில் அப்பா பெரிய தண்ணீர்ப் பானை ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் குடிக்கத்தான், உங்களுக்கு இல்லை. வியாழக்கிழமை கொண்டு வருகிறோம். வராந்தாவில் வெயில் படாத மூலையாகப் பார்த்து வையுங்கள்.