புற்றுநோய் முகாமுக்குப் பிறகு என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் சுகாதார அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

புற்றுநோய் முகாம் என்றால் எந்த ஊரிலும் முதலில் கேட்கப்படுவது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான். அந்த எண் பெரிதாக இருந்துவிட்டால் முகாம் வெற்றி. ஆனால் பரிசோதனை யாரையும் குணப்படுத்துவதில்லை. பென்னாகரத்திலோ தளியிலோ சந்தேகச் சீட்டு வாங்கிய பெண் அடுத்து எங்கே போனார், முடிவை அவரிடம் யார் சொன்னார்கள், சிகிச்சையைப் பாதியில் விட்டாரா என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமில்லை. எனவே சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஐந்து தேதிகளை எழுதச் சொல்லுங்கள்: சந்தேகம் எழுந்த நாள், திசு எடுத்த நாள், முடிவு கைக்கு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள், முடிந்த நாள். மாத ஆய்வுக் கூட்டத்தில் வந்தவர் தொகையைக் கேட்கும் முன், இந்த ஐந்தில் எந்தக் கட்டம் யாருக்குக் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் கோரிக்கையின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தக் கட்டங்கள் ஏன் காலியாகின்றன என்பதைப் பற்றியவை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் நமக்கு அவகாசம் அதிகம். எச்.பி.வி. வைரஸ் தொற்றி, அது உடம்பைவிட்டுப் போகாமல் தங்கி, செல்களை மாற்றிப் புற்றாக்குவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். பத்துப் பேருக்கு வரும் இந்நோயில் ஏழு பேருக்கு அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். இளவயதிலேயே மணமாகி, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கும், புகையிலை போடுபவர்களுக்கும் அது தங்கிவிடும் ஆபத்து கூடுதல். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. சிறுவயதுத் திருமணம் இன்னும் ஓயாத நம் மாவட்டங்களில் இதை மருத்துவத் துறையின் கணக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. சமூக நலத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் அதே மேசையில் உட்கார வேண்டும். 14 வயதுச் சிறுமியருக்கான எச்.பி.வி. தடுப்பூசியைத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. படிப்பை நிறுத்திவிட்ட சிறுமிகள் பள்ளிப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஊசி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். அங்கன்வாடிப் பதிவேட்டை வைத்து அவர்களைத் தேடச் சொல்லுங்கள்.

பரிசோதனை எளியது: 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, வெளுக்கிறதா என்று பார்ப்பது. எளியது என்பதாலேயே இதில் கவனக்குறைவும் அதிகம். 5 மி.லி. அடர் அமிலத்தை 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் அன்றன்று காலையில் கலக்க வேண்டும். மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நேற்றைய கரைசலில் வீரியம் குறைந்திருக்கும், வெளுக்க வேண்டிய இடம் வெளுக்காது. கலக்காத அமிலத்தைத் தவறுதலாகத் தொட்டுவிட்டால் சவ்வு வெந்துவிடும், அந்த ஊரிலிருந்து அடுத்த முகாமுக்கு ஒரு பெண்கூட வரமாட்டார். தடவியபின் முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியே எழுபது பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு நிமிடம் பதினைந்து நொடியாகச் சுருங்கிவிடும். ஆகவே ஒரு செவிலியருக்கு ஒரு நாளில் இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வையுங்கள், இலக்கு வைக்காதீர்கள்.

வயதையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு, நோய் தொடங்கும் எல்லைக்கோடு உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். அமிலம் தடவினாலும் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவரிடம் அமிலப் பரிசோதனை செய்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுவது பொய்யான நிம்மதி. அவர்களுக்கு, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையோ, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனையோதான் சரி.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இப்பரிசோதனையைச் செய்தார்கள். ஏழு ஆண்டுகளில் நோய் 25 சதவீதமும், அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. அந்த வெற்றியில் அடிக்கடி மறக்கப்படும் பகுதி இது: வெளுத்த பெண்ணை 'அப்புறம் வாங்க' என்று அனுப்பவில்லை. உருப்பெருக்கியில் பார்த்து, திசு எடுத்து, தகுதியானவருக்கு, நோயுள்ள இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே தந்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வெளுத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. இந்த விகிதத்தை நீங்களே ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நிலையத்தில் முந்நூறு பேரைப் பார்த்து ஒருவருக்குக்கூட வெளுக்கவில்லை என்றால் அங்கே கரைசலோ வெளிச்சமோ பயிற்சியோ கெட்டிருக்கிறது.

உறையவைக்கும் கருவிக்கு வாயு உருளை வேண்டும். அழுத்தமானி 40-க்கும் 70-க்கும் இடையே காட்ட வேண்டும். மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். அழுத்தம் குறைந்தால் மேல்தோல்தான் உறையும், அடியில் நோய் அப்படியே இருக்கும். சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் உருளையை ஏற்றிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை. அதே இடத்தைச் சூட்டால் அழிக்கும், மின்கலத்தில் இயங்கும் வெப்பக் கருவி கைப்பையில் அடங்கும். 100 டிகிரியில் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும். வட்டாரத்துக்கு ஒன்று வாங்கித் தாருங்கள். சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் நீர்போல் வெள்ளைப்படும், ஒரு மாதம் தாம்பத்தியம் கூடாது. இதைக் கணவரிடமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டில் சண்டை வந்து, அந்தப் பெண் ஓராண்டு கழித்து வர வேண்டிய மறுபரிசோதனைக்கு வரமாட்டார்.

அடுத்தது வாய்ப் புற்று. குட்கா, மெல்லும் புகையிலைப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2013-இலேயே தடை வந்துவிட்டது. ஓசூர் எல்லையைத் தாண்டி அது எப்படி வருகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்; 'நான் ஹான்ஸ் போடறதில்லீங்க, பாக்கு மட்டும்தான்' என்பவரும் ஆபத்தில்தான் இருக்கிறார். பாக்கு, கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கி, வாய் திறக்க முடியாமல் செய்துவிடும். அவரவர் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

வாய்ப் பரிசோதனைக்கு ஒரு டார்ச், இரண்டு மரக்குச்சிகள், கையுறை, ஒரு துண்டு காஸ் துணி போதும். 'ஆ காட்டுங்க' என்று நடுவில் மட்டும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. கீழுதட்டின் உட்புறம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம், துணியால் பிடித்து இழுத்த நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி ஆகிய இடங்களில்தான் புற்று ஒளிந்திருக்கும். புகையிலையை அடக்கிவைக்கும் இடமே முதலில் பார்க்க வேண்டிய இடம். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு மோசம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு வைட்டமின் மாத்திரையோ களிம்போ தந்து நாள் கடத்தக் கூடாது, சதை எடுக்க வேண்டும். நம் பகுதியில் ஃபுளோரைடு தண்ணீரால் பல்லில் காவிக் கறை உள்ளவர்கள் அதிகம். பற்கறையை மட்டும் பார்த்துவிட்டு வாயின் ஓரங்களைப் பார்க்காமல் விடுவது நேர்கிறது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், புற்றுக்கு அதுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. 'எல்லாம் போர் தண்ணியால' என்ற பேச்சு புகையிலையைத் தப்பவைக்கிறது.

ஆண்கள் முகாமுக்கு வருவதில்லை. முகாம்தான் அவர்களிடம் போக வேண்டும்: ராயக்கோட்டைத் தக்காளி மண்டி, கல் குவாரிகள், நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடங்கள், ஓசூர் சிப்காட் ஆலைகளின் ஷிப்ட் மாறும் நேரம்.

மார்பகத்தில் வலியில்லாத கட்டிதான் அஞ்ச வேண்டிய கட்டி. வலிக்கவில்லை என்பதாலேயே மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். காம்பு உள்ளிழுத்தல், தோலில் குழி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு ஆகியவையும் அப்படியே. இங்கே நடக்கும் பெரிய தவறு, கட்டியைச் சிறு மருத்துவமனையில் அவசரமாக வெட்டி எடுத்துவிடுவது. பிறகுதான் அது புற்று என்று தெரிகிறது. எவ்வளவு பெரிதாக இருந்தது, அக்குளில் நெறி இருந்ததா, ஓரங்களில் மிச்சம் உண்டா என எதுவும் தெரியாமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. முதலில் படம், பிறகு தடித்த ஊசியால் சிறு திசு, அதன் முடிவைப் பார்த்துத்தான் கத்தி. ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் ஊர்ப்பக்கம் பலமாக இருக்கிறது; அதற்கு ஆதாரம் இல்லை என்பதைச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வாயிலாகச் சொல்லவையுங்கள்.

எடுத்த திசுவைக் கெடுப்பது இன்னும் எளிது. திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர், திசுவைப் போல் பத்து மடங்கு கரைசல், வாய் அகன்ற புட்டி, பெயர்ச்சீட்டு மூடியில் ஒட்டாமல் புட்டியின் மேல் ஒட்டியிருக்க வேண்டும். சலைனில் போட்டு அனுப்பினால் வழியிலேயே அழுகிவிடும். மார்பகத் திசு ஃபார்மலினில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மேற்படாமலும் இருந்தால்தான் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனையை நம்பலாம். அந்தப் பரிசோதனையை வைத்துத்தான் ஒரு பெண்ணுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு டமாக்சிஃபென் மாத்திரை பயன்படுமா என்று முடிவாகிறது. வெள்ளிக்கிழமை எடுத்த திசு, ஞாயிறு விடுமுறையும் கடந்து செவ்வாயன்று ஆய்வகம் சேர்வதை இந்த ஒரு காரணத்துக்காகவே நிறுத்த வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மலத்தில் ரத்தம் என்றதும் 'மூலம், பவுத்திரம்' பலகை மாட்டிய அறைக்குள் நுழைபவர்களில் பெருங்குடல் புற்று உள்ளவர்களும் இருப்பார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லாத பீடிக்காரருக்கு இரண்டாம் முறையும் காசநோய் மருந்து தருவதற்குமுன் நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். எடை குறைந்து, கறுப்பாக மலம் போகும் ஐம்பது வயதுக்காரருக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை மட்டும் போதாது, எண்டோஸ்கோப்பி தேவை.

இனிக் கடைசி இரண்டு தேதிகள். கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிய நிலையில் கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. மக்கள் இதைக் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் வெளியிலிருந்து, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் விட்டுவிட்டு நாள் நீண்டால் புற்றுச் செல்கள் மீண்டும் பெருகிப் பலன் குறையும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருந்தாலும் பலன் குறையும். ரத்தச்சோகை நிறைந்த நம் பகுதியில், அனுப்பும் முன்பே அதைச் சரிசெய்ய வேண்டும். அஞ்செட்டியிலிருந்தோ அரூர் மலைக் கிராமத்திலிருந்தோ ஒரு பெண் ஐந்து வாரம் சேலத்துக்கோ பெங்களூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ தினமும் போய்வர முடியாது. தங்க இடமும் துணைக்கு வருபவரின் கூலி இழப்புக்கு ஈடும் இல்லாவிட்டால், பத்தாவது நாளில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்புக் கட்டணம் முழுதும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆனால் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை. ஆகவே பேருந்துச் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் மாவட்ட நிதியில் ஒரு தலைப்பு வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவருக்கு வருமானச் சான்று வாங்கும் வேலையைச் சந்தேகம் எழுந்த அன்றே தொடங்கிவிட்டால், திசு முடிவு வரும்போது அட்டையும் கையில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர்களுக்கு உங்கள் ஒரு சுற்றறிக்கை போதும்.

குணப்படுத்த முடியாத நிலையில் வருபவர்களுக்குக் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை கிடைக்க வேண்டும். போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வைத்திருப்பது எளிதாகிவிட்டது. வட்டார மருத்துவமனைகளுக்கும் அந்த அங்கீகாரத்தைப் பெற்றுத் தாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டிய மாத்திரைக்காக யாரும் மாவட்டத் தலைநகர மருத்துவமனை வரை போகக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலருக்கு எந்தத் தெருவில் யார் என்று தெரியும். காலியாக உள்ள தேதிக் கட்டங்களின் பட்டியலை அவரிடம் மாதம் ஒருமுறை கொடுங்கள். அந்தக் கூடுதல் வேலைக்கான ஊக்கத்தொகையையும் சேர்த்தே கொடுங்கள். முதல் பட்டியல் எந்த வட்டாரத்தில் தொடங்கினாலும், பதிவேட்டின் மாதிரிப் படிவத்தைத் தயாரிக்கவும் செவிலியர்களுக்குப் பயிற்சி தரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இரு மாவட்டங்களிலும் புற்றுநோய்க் கண்டறிதல் பணியிலுள்ள செவிலியர்களும் மருத்துவர்களும்