சுருக்கும் பொருளை ஏன் மொத்தமாக அடைப்பதில்லை?

அன்புள்ள நண்பா,

விடைத்தாள் திருத்தும் வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தாத்தா ஆனதற்கு வாழ்த்துகள்! ஆனால் உன் தங்கை மகளுக்கு ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அவற்றைக் கெடுக்கும் நோய்) என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. எண்டோதீலினின் வேலையைத் தடுக்கும் ஸ்பார்சென்டன் என்ற மருந்தைப் பற்றி டாக்டர் பேசினார் என்கிறாய். "எண்டோதீலின் ரத்தக்குழாயைச் சுருக்குகிற பொருள்தானே, அதை மொத்தமாக அடைத்துவிட்டால் என்ன?" என்றும் கேட்டிருக்கிறாய். மருந்துக்கடை வைத்திருப்பவன் கேட்க வேண்டிய கேள்விதான்.

எண்டோதீலினை 1988-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் யனகிசாவா, மசாகி குழுவினர் கண்டுபிடித்தார்கள். பன்றியின் பெருந்தமனி உட்சுவர் செல்களிலிருந்து கிடைத்தது. 21 அமினோ அமிலங்கள்தான். மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பின் விஷத்தில் இருக்கும் சாராஃபோடாக்சினும் ஏறக்குறைய இதே அமைப்பு. விஷத்தின் பங்காளி நம் ரத்தக்குழாய்ச் சுவரிலேயே ஊறுகிறது, பார்!

சிறுநீரகத்துக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ரத்தம் போகிறது. அங்குள்ள குழாய்கள் எண்டோதீலினுக்கு ரொம்பவே கட்டுப்படுபவை. எண்டோதீலின் வந்து ஒட்டுவதற்குச் செல்களில் ஏ, பி என்று இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. குழாயின் தசைச் செல்லில் இருக்கும் ஏ ஏற்பியில் அது போய் ஒட்டினால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், தசை இறுகும். வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனி, வெளியே கொண்டுபோகும் நுண்தமனி இரண்டுமே சுருங்கும். ரத்த ஓட்டம் குறையும். ஒட்டிய எண்டோதீலின் லேசில் விடாது என்பதால் இறுக்கமும் நெடுநேரம் நிற்கும். இது வருஷக்கணக்கில் நடந்தால் வடிகட்டிச் செல்கள் கெட்டு, சிறுநீரில் புரதம் போக ஆரம்பிக்கும்.

பி ஏற்பியின் கதை வேறு. அது பெரும்பாலும் குழாயின் உட்சுவரில் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது, ரத்தத்தில் மிஞ்சும் எண்டோதீலினையும் பிடித்து அகற்றுகிறது. அப்புறம், சிறுநீர் சேகரிக்கும் குழல்களில் உப்பைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுப்பதும் இதுதான். அந்தக் குழல்களில் எண்டோதீலின் சுரக்காதபடி மரபணுவை மாற்றிய எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. உப்பு அதிகம் கொடுத்தால் இன்னும் ஏறியது. ஆக, குழாயில் அழுத்தத்தைக் கூட்டுகிற பொருளே குழலில் உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. (தசையிலும் கொஞ்சம் பி உண்டு, அது சுருக்கத்தான் செய்யும். எலியின் சிறுநீரகத்தில் அதன் பங்கு பெரிது. எலிக்கணக்கை மனிதனுக்கு அப்படியே போட முடியாது.)

இரண்டையும் சேர்த்து அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்காமலிருக்க அப்படியொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் முடிவு வந்தது: மருந்து வாங்கியவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்! சரி, ஏ-யை அடைப்போம் என்று சிறுநீரகம் கெட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு அவோசென்டன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். புரதம் குறைந்தது, ஆனால் உடம்பில் நீர் தேங்கி இதயம் திணறியதால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏ-யை அடைக்கும் இன்னொரு மருந்தான அட்ராசென்டனைச் சிறிய அளவில், நீர் தேங்காதவர்களாகப் பார்த்துக் கொடுத்தபோது, 2019-இல் நல்ல பலன் தெரிந்தது. என் கணிப்பில் இந்த மருந்துகளுக்கு உயிர்கொடுத்தது அந்த நிதானம்தான்.

உங்கள் டாக்டர் சொன்ன ஸ்பார்சென்டன் ஏ ஏற்பியோடு, ரத்தக்குழாயைச் சுருக்கும் இன்னொரு பொருளான ஆஞ்சியோடென்சினின் ஏற்பியையும் அடைக்கும். ஐஜிஏ நெஃப்ரோபதிக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. அவளுக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை என்றாயே, அதனால் ஒன்று: இந்த வகை மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும், கர்ப்பத்தில் கூடவே கூடாது. குழந்தை பற்றி என்ன யோசனை என்பதை டாக்டரிடம் முதலிலேயே பேசச் சொல். கல்லீரல் பரிசோதனையையும் விடக் கூடாது. கால் வீங்கினால் உடனே காட்ட வேண்டும். சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது, க்ரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்