பாட்டு எழுதிச் சீவிக்கலாமோ எண்டு கேட்ட தெஹிவளை அக்காவுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட வாசகர் பக்கத்தில தெஹிவளையில இருந்து ஒரு அக்கா எழுதின கடிதம் பாத்தனான். மகன் எஞ்சினியரிங் முடிச்சு நல்ல வேலையும் கிடைச்ச பிறகு எல்லாத்தையும் விட்டிட்டு பாட்டு எழுதப்போறன் எண்டு நிக்கிறானாம், பாட்டு எழுதிச் சீவிச்ச படிச்ச ஆள் ஒருத்தரையாவது காட்டுங்கோ பாப்பம் எண்டு கேட்டிருந்தா. ஒருத்தரைக் காட்டுறன் அக்கா. ஆனா உடன நான் மகன்ர பக்கம் எண்டு முடிவு கட்டிப்போடாதேங்கோ, கடைசி மட்டும் வாசிச்சிட்டு ஏசுங்கோ.

ஆளின்ர பேர் கிறிஸ் கிறிஸ்டோபர்சன், அமெரிக்காவில கன்ட்ரி எண்ட அவையின்ர நாட்டுப்புறச் சாயல் பாட்டு எழுதிப் பாடினவர், 2024 செப்டெம்பர் 28 ஹவாயில மாவி தீவில 88 வயசில மோசம் போனவர். கொழும்பில எங்கட வயசு ஆக்களுக்கு கன்ட்ரி எண்டா ஜிம் ரீவ்ஸ்தான், நத்தார் வந்தா இப்பவும் கடை கடையா அந்தக் குரல்தான். ஜிம் ரீவ்ஸ் 1964ல பிளேன் விழுந்து செத்தவர், அதுக்கு அடுத்த வருஷம்தான் இந்த மனிசன் கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்தில போய் இறங்கினவர், அதால எங்கட காதில இவர்ர பேர் பெரிசா விழேல்ல போல. பாட்டுகள் விழுந்திருக்கும், ஆனா வேற ஆக்கள்ர குரலில.

இனி படிப்புக் கதைக்கு வாறன், ஏனெண்டா அக்கா கேட்டது படிச்ச ஆள். 1936ல டெக்சாஸில பிறந்தவர், தகப்பன் விமானப்படையில ஜெனரல். பொமோனா கொலிஜ்ல இலக்கியம் படிச்சு, கெட்டிக்காரருக்கு மட்டும் குடுக்கிற ரோட்ஸ் ஸ்கொலர்ஷிப் எடுத்து ஒக்ஸ்போர்டுக்குப் போய், அங்க வில்லியம் பிளேக்கின்ர கவிதையில ஊறி, அதுக்கிடையில பொக்சிங்கும் அடிச்சு, திரும்பி வந்து ஆர்மியில சேந்து ஹெலிகொப்டர் ஓட்டி கப்டன் ஆனவர். 1965ல வெஸ்ட் பொயின்ட் எண்ட அவையின்ர பெரிய ராணுவக் கொலிஜ்ல இங்கிலிஷ் இலக்கியம் படிப்பிக்க கூப்பிட்டவை. எங்கட வீடுகளில எண்டா அந்த லெட்டரை பிரேம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில கொழுவியிருப்பினம். இவர் மாட்டன் எண்டிட்டு, பெண்சாதி பிள்ளையோட நாஷ்வில்லுக்குப் போய், கொலம்பியா ஸ்டூடியோவில நிலம் கூட்டுற வேலைக்குச் சேந்தவர். பெரிய பாட்டுக்காரர் பொப் டிலான் 1966ல அங்க வந்து ரெக்கோர்டிங் செய்யேக்க, அதே கட்டடத்தில சிகரட் சாம்பல் தட்டு கொட்டிக்கொண்டு திரிஞ்சவர் இந்த ஒக்ஸ்போர்ட் பட்டதாரி. வீட்டுக்காரர் கிட்டத்தட்ட தலைமுழுகியே விட்டிட்டினம்.

இந்த இடத்திலதான் கனபேர் கதையை வெட்டி, பிறகு புகழ் வந்தது சுபம் எண்டு முடிக்கிறது, இடையில நடந்தது ஒண்டும் சொல்லுறேல்ல. இரண்டாவது பிள்ளை உணவுக்குழாயில குறையோட பிறந்து ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரிச்சது, கூட்டிற சம்பளத்தில அது கட்டாது, அதால லூசியானாவுக்குப் போய் மெக்சிகோ வளைகுடாவில எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆக்களை ஏத்தி இறக்கிற ஹெலிகொப்டர் ஓட்டினவர். ஒரு கிழமை அங்க வேலை, ஒரு கிழமை நாஷ்வில்லுக்கு வந்து பாட்டோட அலைச்சல், இப்பிடி மாறி மாறி. பிறகு பெரிசாப் போன பாட்டில ஒண்டை அந்தக் கடலுக்கு நடுவில எண்ணெய் மேடையில இருந்துதான் எழுதினவராம். முதல் கலியாணமும் அந்தக் காலத்தில முறிஞ்சு போச்சு. முதல் அல்பம் வந்தது 1970ல, அதாவது போய் ஐஞ்சு வருஷத்துக்குப் பிறகு. மகனுக்கு இந்தப் பகுதியை வாசிச்சுக் காட்டுங்கோ அக்கா.

கன்ட்ரி பாட்டில பெரிய ஆளான ஜொனி கேஷ் வீட்டுப் புல்லுத் தரையில ஹெலிகொப்டரை இறக்கி பாட்டு டேப்பைக் குடுத்த கதை எல்லாருக்கும் பிடிக்கும், ஒரு கையில டேப் மற்றக் கையில பியர் எண்டு கேஷ் சொல்லித் திரிஞ்சவர், கிறிஸ் பேந்து சொன்னவர் கேஷ் அண்டைக்கு வீட்டிலயே இல்லையெண்டு. எது உண்மையோ, கிறிஸ் எழுதின, ஞாயிற்றுக்கிழமை விடியத் தனிய நிக்கிற ஒருத்தன்ர பாட்டை கேஷ் எடுத்துப் பாடினவர், போதையைச் சொல்லுற ஒரு சொல்லை மாத்தச் சொல்லி டிவிக்காரர் கேக்க கேஷ் மாத்தாமலே பாடி, 1970ல கன்ட்ரி மியூசிக் சங்கத்தின்ர அந்த வருஷப் பாட்டு அவார்ட் அதுக்குத்தான் கிடைச்சது.

இனித்தான் விஷயம். இவருக்கு நல்ல குரல் இல்லை, தன்ர குரல் தவளைக் குரல் எண்டு அவரே சொன்னவர். பேர் எடுத்துக் குடுத்தது மற்ற ஆக்கள். இவர் எழுதின பொபி மெக்கீ பாட்டை முதல் பாடினது ரோஜர் மில்லர், பிறகு ஜானிஸ் ஜொப்லின் பாடி அது வெளிவர முதலே 1970 ஒக்டோபரில செத்துப்போனா, 1971ல அது அமெரிக்காவில முதலிடம். சாமி ஸ்மித், ரே பிரைஸ் எண்டு ஆளாளுக்கு இவர்ர பாட்டைப் பாடி மேல போச்சினம். 1972ல கிராமி எண்ட அமெரிக்காவின்ர பெரிய இசை அவார்டில சிறந்த கன்ட்ரி பாட்டுக்குப் போட்டியில நின்ட ஐஞ்சு பாட்டில மூண்டு இவர் எழுதினது, வெண்டதும் இவர்தான். ஆர் பாடினாலும் ஒவ்வொருக்காவும் எழுதினவருக்குக் காசு போகும். அமெரிக்காவில சாதாரண ரேடியோவில பாட்டு ஒண்டு போனா ரோயல்ட்டி எண்ட உரிமைக் காசு போறது எழுதினவருக்கும் பாட்டை வெளியிடுற பப்ளிஷருக்கும்தான், பாடினவருக்குக் கூட இல்லை. குரல் இல்லாத மனிசன் சீவிச்சது அதாலதான், திறமையால மட்டும் இல்லை. பிறகு நடிக்கப் போனதும், கேஷ் ஆக்களோட சேந்து பாடினதும் வேற கதை.

இப்ப எங்கட ஊருக்கு வருவம். வெள்ளவத்தையில கலியாண வீடு ஒண்டில சின்ன மாமியே பாட்டு அடிச்சா கிழடு கட்டையெல்லாம் எழும்பி ஆடும், பாட்டை எழுதினது ஆர் எண்டு மேடையில நிக்கிற பான்ட் பெடியளைக் கேட்டா முழிப்பாங்கள், பாடிப் பேர் எடுத்த நித்தி கனகரத்தினம் பேரே வயசு போன ஆக்கள் ஆராவது சொன்னாத்தான் உண்டு. எப்எம் ரேடியோவில படத்தின்ர பேர், ஹீரோ பேர், பாடினவர் பேர், பாட்டு ஆருக்காகக் கேட்டது, அவையின்ர மச்சாள் பேர் வரைக்கும் வரும், எழுதினவர் பேர் மட்டும் வராது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் ஒரு நிகழ்ச்சிக்கு முகப்புப் பாட்டு எழுதிக் குடுத்தவன், அது வருஷக் கணக்கா போச்சுது, அவனுக்குக் கிடைச்சது அண்டைக்குக் குடுத்த பிளேன் டீயும் ரெண்டு ரோல்ஸும்தான், ஒரு கடுதாசி கூட எழுதி வாங்கேல்ல.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, பாட்டு எழுதினா எங்கயும் பதியாமலே உரிமை எழுதினவருக்கு, அவர் இருக்கும் வரைக்கும், செத்த பிறகு 70 வருஷத்துக்கு பிள்ளையளுக்கும். பேர் போடச் சொல்லிக் கேக்கிற உரிமையும் அதுக்குள்ள இருக்கு. ஆனா எங்கட எழுதிற பெடியள் பெட்டையளில எத்தினை பேருக்கு இது தெரியும், தெரிஞ்சாலும் வாய் திறந்து கேட்டா அடுத்த சான்ஸ் வராது எண்ட பயம். நாங்களும் வெளிநாட்டில இருந்து பாட்டுக்காரர் வந்தா சுகததாச ஸ்டேடியத்தில டிக்கெட்டுக்கு அடிபடுவம், எழுதிற எங்கட பிள்ளைக்கு காசு எண்டா, அவனுக்கென்ன, நேரம் போகாம எழுதிறான்தானே எண்டுவம்.

அதால அக்கா, நீங்கள் பயப்பிடுறது நியாயம்தான். ஆனா படிச்சவன் பாட்டு எழுதப் போறது பிழை எண்டு எழுதியிருந்தீங்கள், அது சரியில்லை, எழுதினவனுக்கு காசு குடுக்காத ஊரில எழுதப் போறான் எண்டதுதான் பயப்பிட வேண்டிய விஷயம். மகனைக் கூப்பிட்டு எஞ்சினியர் வேலையை இப்ப விடவேண்டாம், கிறிஸ் ஹெலிகொப்டரை விடேல்ல எண்டு சொல்லுங்கோ. ஆருக்கு பாட்டுக் குடுத்தாலும் ஒரு தாளில எழுதி கையெழுத்து வாங்கச் சொல்லுங்கோ, சொந்தக்காரர் எண்டாலும், சொந்தக்காரர் எண்டா இன்னும் கட்டாயம்.

ஆசிரியர் ஐயாவுக்கும் ஒண்டு. போன மாசம் பம்பலப்பிட்டியில நடந்த ஒரு மெல்லிசை நிகழ்ச்சி பற்றி உங்கட பேப்பரில அரைப் பக்கம் விமர்சனம் வந்தது. பாடினவை, வாசிச்சவை, பொன்னாடை போத்தினவை, சவுண்ட் சிஸ்டம் குடுத்தவை எண்டு எல்லாற்ற பேரும் இருந்தது, பாடின புதுப் பாட்டுகளை எழுதினவை ஆர் எண்டு ஒரு வரி இல்லை. அடுத்த முறை அதையும் கேட்டுப் போடச் சொல்லுங்கோ உங்கட நிருபரிட்ட.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகன் ஒருவன்